கதவுக்குப் பின்னால் ஒட்டிய பட்டியல்

நடந்தவை, வரிசையாக:

1. ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அழைப்புமணி அடித்தது. கம்பிவலைக் கதவுக்கு வெளியே இரண்டு பெண்கள், தோளில் துணிப்பையோடு நின்றார்கள். ஒருவருக்கு அறுபது வயதிருக்கும். இன்னொருவருக்கு என் வயது. "வணக்கம்மா, தமிழ் வீடுதானே?" என்றார் மூத்தவர். கடவுளின் வார்த்தையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசலாமா என்று கேட்டார். அலுவலக வேலை இருக்கிறது என்றேன். இருந்தது. அன்றைக்கே முடிக்க வேண்டிய வேலை இல்லை.

2. அடுத்த சனிக்கிழமையும் வந்தார்கள். குளிக்கப் போகிறேன் என்றேன். தலை ஏற்கெனவே ஈரமாக இருந்தது.

3. மூன்றாவது சனிக்கிழமை, வெளியே கிளம்பிக்கொண்டிருக்கிறேன் என்றேன். சொன்னதை மெய்யாக்குவதற்காகச் செருப்பைப் போட்டுக்கொண்டு அவர்களோடு படியிறங்கிப் பால் பூத் வரைக்கும் போய், தேவையில்லாமல் அரை லிட்டர் பால் வாங்கி வந்தேன்.

4. நான்காவது சனிக்கிழமை, தலைவலி என்றேன். மூத்தவர் உடனே கண்ணை மூடி, அந்தத் தலைவலிக்காக அங்கேயே ஜெபித்தார். மாடி வீட்டுப் பஞ்சாபி அம்மாள் துவைத்த துணி வாளியோடு எங்களைச் சுற்றிக்கொண்டு மேலே போனார். ஜெபம் முடியும்வரை நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

5. ஐந்தாவது சனிக்கிழமை மணி அடித்தபோது நானும் அம்மாவும் வாசலிலிருந்து தெரியாதபடி அடுப்படிக்குள் மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்திருந்தோம். குக்கர் விசில் அடித்தது. வெளியே இளையவர் சிரித்தது கேட்டது.

6. அன்று மாலையே, அம்மா தனியாக இருக்கும்போது அவர்கள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஏழு குறிப்புகள் எழுதி, மரக்கதவின் உட்புறத்தில் ஒட்டினேன்.

7. அதன் பிறகு சனிக்கிழமைகளில் மணி அடிக்கவில்லை. பட்டியல் வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

8. டிசம்பர் தொடக்கத்தில் அம்மா, "தைக்கு ஊருக்கு டிக்கெட் போட்டிரு. போறதுக்கு மட்டும் போதும்" என்றாள்.

ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நடந்தவை எனக்குத் தெரியாமல் நடந்தன.

அது 2003. நான் குர்கானில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். ஒரு நிரல் எந்தெந்த விதத்தில் தவறக்கூடும் என்று முன்கூட்டியே யோசித்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு எழுதுவதுதான் என் வேலை. குடியிருந்தது தில்லி ஜனக்புரியில், இரண்டாம் மாடியில். மெட்ரோத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். ஜன்னலைத் திறந்தால் சிமெண்ட் தூசி வரும்.

அம்மா அந்த மே மாதம்தான் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்தாள். அப்பா இறந்து இரண்டு வருஷம் அங்கே தனியாக இருந்தாள். அவளுக்குச் சர்க்கரை உண்டு. ஒரு நாள் காலை அடுப்படியில் மயங்கி விழுந்து, பால்காரப் பெண் வந்து பார்க்கும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறாள். நான் பத்து நாள் விடுப்பில் போய், வீட்டைப் பூட்டி, அவளை ரயிலேற்றிக் கூட்டி வந்தேன். பொங்கல் வரைக்கும் இருந்து பார்க்கிறேன், பிடிக்காவிட்டால் என்னைப் பிடித்து வைக்கக்கூடாது என்றாள். சரி என்று ஒப்புக்கொண்டேன். அவள் திரும்பிப் போனால் மறுபடி அதே அடுப்படி, அதே தரை. எனக்கு மதுரையிலோ நெல்லையிலோ வேலை கிடைக்க வழியில்லை. ஆகவே பொங்கலுக்குள் அம்மாவுக்குத் தில்லி பிடித்தாக வேண்டும்.

அதற்கும் நான் பட்டியல்கள்தான் போட்டேன். தமிழ்ச் சேனல்களின் எண்கள். சிலிண்டர் தீர்ந்தால் அழைக்க வேண்டிய எண். காய்க்காரரிடம் சொல்ல வேண்டிய பன்னிரண்டு இந்திச் சொற்கள். எந்த வேளைக்கு எத்தனை மாத்திரை, எத்தனை இட்லி. அம்மா பன்னிரண்டு சொற்களில் மூன்றை எடுத்துக்கொண்டாள்: பையா, கித்னா, நஹி; அதாவது அண்ணே, எவ்வளவு, வேண்டாம். அதை வைத்துக்கொண்டு காய் வாங்கிவிடுவாள். ஆனால் மூன்று சொல்லை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தில் பழக முடியாது. மாடி வீட்டு அம்மாள் முதல் வாரம் ஒரு கிண்ணத்தில் ராஜ்மா கொண்டுவந்து அரை மணி நேரம் பேசினார். அம்மா அரை மணி நேரம் சிரித்தாள். அப்புறம் அவர் வரவில்லை. காலை எட்டு மணிக்கு நான் அலுவலக பஸ் பிடித்தால் திரும்ப இரவு ஏழரை ஆகும். அதுவரை அம்மா வாயைத் திறக்க ஆளில்லை. என் பட்டியல் எதிலும் அது ஒரு வரியாக இல்லை.

இங்கே தில்லித் தமிழர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். நானும் வந்த முதல் மாதமே கற்றுக்கொண்டது. தமிழை நாங்கள் பூட்டு மாதிரி பயன்படுத்துவோம். அலுவலக பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்திருக்கும் மேலாளரைப் பற்றிப் பின்சீட்டில் உரத்த குரலில் பேசுவோம். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண், பாங்க் அட்டையின் ரகசிய எண்ணை எழுத்தால் தமிழில் எழுதி, அந்த அட்டையின் உறையிலேயே வைத்திருந்தாள். எங்கள் வீட்டுக் கம்பிக்கதவின் மரச்சட்டத்தில் சாக்பீஸால் "சாவி மீட்டர் பெட்டிக்குள்" என்று நானே எழுதியிருந்தேன். மாடிப்படியில் ஏறி இறங்குகிற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். ஏதோ சாமி பெயர் என்று நினைத்திருப்பார்கள். ஒரு பொருளும் களவு போனதில்லை.

அந்தப் பழக்கத்தில்தான் ஏழு குறிப்புகளையும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டினேன். யார் படிக்கப் போகிறார்கள்? தில்லியில் எங்கள் வாசலுக்கு வருபவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர் என்பதும், பட்டியல் அவர்களைப் பற்றியது என்பதும் எனக்குத் தோன்றவில்லை. வேலையில் இப்படி ஒரு தவறைச் செய்திருந்தால் எனக்கே வெட்கமாக இருந்திருக்கும்.

பட்டியல் கடுமையானதாக இருக்கக்கூடாது என்று பார்த்துத்தான் எழுதினேன். கம்பிக்கதவைத் திறக்காதே. முகம் கொடுத்துப் பேசு, கோபப்படாதே. பெண்ணைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று சொல். புத்தகம் கொடுத்தால் வாங்காதே, வாங்கினால் படித்தாயா என்று கேட்க வருவார்கள். ஐந்தாவது: தண்ணீர் கேட்டால் கொடு, காபி வேண்டாம். ஆறாவது: உட்காரச் சொல்லாதே. ஏழாவது: ஊர்ப் பேச்சு எடுப்பார்கள், மயங்காதே, அது ஆள் பிடிக்கிற வழி.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏழையும் படித்தாள். "சரி" என்றாள். மறுவாரமே காய் வாங்கக் கீழே இறங்கிய இடத்தில் அவர்களைப் பார்த்து, மகள் சனி ஞாயிறு வீட்டில் இருப்பாள், புதன்கிழமை வாங்க என்று சொல்லிவிட்டாள். இது எனக்கு டிசம்பரில்தான் தெரிந்தது.

டிக்கெட் பேச்சு வந்த அன்று நான் அலுவலகத்திலிருந்து வந்து அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டே முகம் பார்க்காமல் சொன்னாள்.

"ஏன்மா, என்னாச்சு?"

"குளிரு."

"குளிருன்னா இன்னொரு ஸ்வெட்டர் வாங்கிக்கலாம்."

"ஸ்வெட்டரு எங்கூடப் பேசுமாடி?"

அவளே கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னாள். ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை ஒரு புதன்கிழமைகூட விடாமல் அவர்கள் வந்திருக்கிறார்கள். மூத்தவருக்குப் பாளையங்கோட்டைப் பக்கம். தில்லியில் ஓர் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்துப் பகுதியான துவாரகாவில் மகன் வீட்டில் இருக்கிறார். வந்ததும் முதல் காரியமாக அம்மாவின் காலைத் தூக்கி மணையில் வைக்கச் சொல்லி, விரலிடுக்கில் புண் இருக்கிறதா என்று பார்ப்பாராம்.

"காலைப் பாத்துட்டுத்தான் வசனம்" என்றாள் அம்மா. "ஒரு வசனம் சொல்லுவாவ. நான் சரிம்பேன். பொறவு பாபநாசம் பஸ்ஸு, தாமிரவருணி வெள்ளம், அவுக மருமவ சமையல்னு போகும். நேரம் போறதே தெரியாது."

"உன்னை மாத்தப் பாக்கலையா?"

"பாக்காம? சபைக்கு வாங்கன்னு கூப்பிட்டாவ. நான் போகல. நான் கந்த சஷ்டிக்குக் கோயிலுக்கு வாங்கன்னேன். அவுகளும் வரல. சரியாப் போச்சு. உனக்குத்தான் பயம்."

கோடையிலும் மழையிலும் எங்கள் மரக்கதவு எப்போதும் திறந்தே இருக்கும். காற்றுக்காகக் கம்பிக்கதவை மட்டும் சாத்துவோம். மரக்கதவு உள்பக்கம் திறந்து சுவரோடு ஒட்டி நிற்கும். பட்டியல் சுவருக்கும் கதவுக்கும் நடுவில் இருந்தது. நவம்பரில் முதல் குளிர்காற்று அடித்த புதன்கிழமை, அம்மா அவர்களை உட்கார வைத்து மரக்கதவைச் சாத்திவிட்டுக் காபி போடப் போனாள். சோபாவுக்கு நேர் எதிரே கதவு. கதவு மூடியிருக்கும் நிலையை நான் யோசித்தே பார்க்கவில்லை.

"ரெண்டு டம்ளரையும் கொண்டாந்தா, அந்தம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிச்சுக்கிட்டு இருக்காவ. சின்னப்பிள்ளை தரையைப் பாக்குது."

"என்ன சொன்னாங்க?"

"உங்க மக கையெழுத்து முத்து முத்தா இருக்குன்னாவ."

"காபி குடிச்சாங்களா?"

"குடிச்சாவ. அஞ்சாம் நம்பரை மீறியாச்சுன்னு சிரிச்சாவ. எந்திரிக்கும்போதுதான் கேட்டாவ: நான் ஊர்க்கதை பேசினது உங்களைப் பிடிக்கத்தான்னு நீங்களும் நினைச்சீங்களான்னு. எனக்கு வாய் வரல. நான் என்னத்தச் சொல்ல? எழுதினது நான் பெத்த மவ. அதோட போனவங்கதான். மூணு புதனாச்சு."

மூன்று வாரமாக அம்மா புதன்கிழமைகளில் டம்ளரைக் கழுவி வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். நான் தினமும் ஏழரைக்கு வந்து, மாத்திரை போட்டாயா என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

அவர்கள் முகவரி அம்மாவிடம் இல்லை. ஆனால் அவர்கள் எப்படி வேலை செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். வரிசை வரிசையாக, படிக்கட்டு படிக்கட்டாக. கடைசியாக எங்கள் பக்கம் முடித்திருந்தால், அடுத்து பூங்காவுக்கு அந்தப் பக்கம். சனிக்கிழமை பத்தரைக்கு அங்கே போனேன். மூன்றாவது படிக்கட்டிலிருந்து இருவரும் இறங்கி வந்தார்கள்.

"ஆன்ட்டி, ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா?" என்றேன். கேட்ட பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது.

மூத்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். முகம் மாறவில்லை. "இன்னைக்கு இந்த வரிசையை முடிக்கணும்மா. இன்னொரு நாள் பாப்போம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லி அடுத்த படிக்கட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை முதன்மைச் சாலையில் பிடித்தேன். "பஸ் வந்திருச்சும்மா" என்றார். பஸ் ஒன்றும் வரவில்லை. இருவரும் ஆட்டோவில் ஏறிப் போனார்கள். நான் அரை லிட்டர் பால் வாங்கியதை நினைத்துக்கொண்டேன்.

அதற்கிடையில் அம்மா டிக்கெட்டைப் பற்றி இரண்டு முறை கேட்டுவிட்டாள். அலுவலகத்தில் நெட்வொர்க் சரியில்லை என்றேன். பொய் சொல்வதில் எனக்கு அந்த வருஷம் நல்ல பயிற்சி ஆகியிருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை அவர்களைத் தேடவில்லை. அவர்கள் அடுத்து ஏற வேண்டிய படிக்கட்டில் முதலிலேயே போய் உட்கார்ந்துகொண்டேன். பனி விலகாத காலை. மூத்தவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து, முழங்காலைத் தேய்த்தபடி எனக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தார். இளையவர் நின்றார்.

"நீ எங்களைவிட மோசம்மா" என்றார் மூத்தவர்.

"விடாம வர்றவங்களைப் பாத்துக் கத்துக்கிட்டேன் ஆன்ட்டி."

இளையவர் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

நான் மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னேன். எழுதியது தவறு. அம்மாவுக்கு அதில் பங்கில்லை. அவள் அந்த ஏழில் ஒன்றைக்கூடக் கடைப்பிடிக்கவில்லை. நீங்கள் வராததால் அவள் ஊருக்குப் போகிறேன் என்கிறாள். போனால் தனியாக இருப்பாள். ஒரு தடவை விழுந்திருக்கிறாள்.

"தெரியும். அடுப்படியில விழுந்தது. சொல்லியிருக்காங்க" என்றார். "ஏழாவதா எழுதியிருந்தியே, அது முழுப் பொய்யில்லம்மா. ஊர்ப் பேச்சு எடுத்தா கதவு திறக்கும்னு எங்களுக்குத் தெரியும். திறந்தப்புறம் உங்க அம்மா பேசினாங்க பாரு, அதுல நான் வந்த வேலையை மறந்து உக்காந்துட்டேன். முப்பது வருஷமா எங்கூட அந்தப் பேச்சு பேச ஆளில்ல. மகன் வீட்டுல பேரப்பிள்ளைங்க இந்திதான். அதனாலதான் அந்த வரி பிடிச்சுக்கிச்சு."

"மன்னிச்சிருங்க ஆன்ட்டி. புதன்கிழமை வருவீங்களா?"

"வந்தா வசனம் சொல்லுவேன். அதைச் சொல்லாம ஒரு வீட்டுக்கும் போக மாட்டேன். முதல்லயே சொல்லிர்றேன்."

"அம்மாகிட்ட சொல்லுங்க. கேக்கறதும் விடறதும் அவ இஷ்டம். எனக்கு வேண்டாம். எனக்கு இதுல விருப்பம் இல்லை."

இந்த விஷயத்தில் ஜூலையிலிருந்து நான் அவர்களிடம் சொன்ன முதல் உண்மை அது. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பையைத் திறந்து ஒரு சிறு நோட்டை எடுத்தார். வீட்டு எண்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே குறிப்பு. எங்கள் எண்ணுக்கு எதிரே பென்சிலில்: வேலை அதிகம், மீண்டும் வரவும். குளியல், மீண்டும் வரவும். வெளியே கிளம்பினார், உடன் நடந்தார். தலைவலி, ஜெபம் ஏற்றுக்கொண்டார். ஆர்வம் உண்டு.

"ஆர்வம் உண்டா?" என்றேன்.

"நாலு தடவையும் கதவைத் திறந்து சிரிச்சுப் பேசினியே. வேண்டாங்கிறவங்க அப்படியா பேசுவாங்க? இந்த ஒரு வார்த்தையை ஜூலையிலயே சொல்லியிருந்தா, அன்னைக்கே எழுதிட்டுத் திரும்பிப் பாத்திருக்க மாட்டோமே."

இளையவர், "எங்களுக்கும் ரெண்டு மாடி ஏறி இறங்குறது மிச்சம்க்கா" என்றார்.

நான் நாலு சனிக்கிழமை மரியாதை என்று நினைத்துச் செய்ததை அவர்கள் ஒழுங்காகக் குறித்து வைத்து, அதன்படியே நடந்திருக்கிறார்கள். அவர்கள் பதிவில் பிழை இல்லை. நான் கொடுத்த உள்ளீடு அப்படி. மூத்தவர் "ஆர்வம் உண்டு" என்பதன் மேல் கோடு போட்டு, "மகளுக்கு விருப்பமில்லை. தாயாரைப் பார்க்கலாம்" என்று எழுதினார்.

"அந்தத் தாளை எடுத்துடறேன் ஆன்ட்டி."

"எடுக்க வேண்டாம். உங்க அம்மா தனியா இருக்கிற வீடு, முதல் நம்பர் நல்ல யோசனைதான். ஆறாம் நம்பரை மட்டும் அடிச்சிரு. எனக்கு முட்டி வலி."

வீட்டுக்கு வந்ததும் ஆறு, ஏழு இரண்டையும் பேனாவால் அடித்தேன். அம்மா கண்ணாடி இல்லாமலே தூரத்திலிருந்து பார்த்தாள். அந்தப் புதன்கிழமை நான் வேலையிலிருந்து வந்தபோது தொட்டியில் மூன்று டம்ளர் கிடந்தது.

"டிக்கெட் போட்டாச்சா?" என்றாள் அம்மா, சாப்பிடும்போது.

"இன்னும் இல்ல."

"போட்டா வாறதுக்கும் சேத்துப் போடு. கதவுல நீ எழுதியிருக்க சாக்பீஸையும் அழிச்சிரு. சாவி எங்க இருக்குன்னு அந்தம்மா முதல் நாளே வாசிச்சுட்டாவளாம்."

பொங்கலுக்குப் போய்ப் பதினைந்து நாள் இருந்துவிட்டு வந்தாள். அந்த வருஷத்துக்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் அப்படித்தான்.

இப்போது மெட்ரோ ஓடுகிறது. மூத்தவர் துவாரகாவிலிருந்து அதில் வருகிறார், ஆனால் முட்டி வலியால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான். இளையவர் திருமணமாகி வேறு ஊர் போய்விட்டார். மூத்தவர் வர முடியாத புதன்கிழமைகளில் அம்மா போனில் பேசுகிறாள். வசனத்தைப் போனிலேயே கேட்டுக்கொண்டு, சரி என்கிறாள். அவள் மதம் மாறவில்லை. அவரும் கந்த சஷ்டிக்கு வரவில்லை. என்னிடம் அவர் அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அம்மா ஜனக்புரியில் இருக்கிறாள்.